கல்லுமலை முத்தையாவின் மூச்சு

போன மாதம் மலாக்காவில் செங் என்ற பகுதியில் உள்ள ஒரு தொழிற்சாலையின் சங்கத்துக்காரர்கள் என்னைக் கூட்டத்துக்கு அழைத்திருந்தார்கள். லேபர் ஆபீசில் மொழிபெயர்ப்பாளராக இருந்து பென்ஷன் வாங்கியவன் என்பதால் பழைய கதை ஏதாவது சொல்வேன் என்று நினைத்திருப்பார்கள். நானும் ஏதோ பேசி உட்கார்ந்தேன். பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தார். கூட வேலை செய்கிற ஒருவருக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டதாம். ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்திகரித்துக்கொண்டு மிச்ச நாளில் வேலைக்கு வருகிறாராம்.

"கை காலு நல்லாத்தானே இருக்குன்னு மேனேஜர் சொல்றாரு ஐயா. சீக்க எப்படி ஊனம்னு காட்டுறது?"

"நேத்துக் காலையில எழுந்ததிலேருந்து என்ன செஞ்சாருன்னு அவர்கிட்டக் கேளும்மா. அதுலேருந்து ஆரம்பிங்க" என்றேன். அவர் எழுதிக்கொண்டார். ஆனால் அந்தப் பதில் போதவில்லை என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. வீட்டுக்கு வந்த பிறகு எனக்கும் போதவில்லை. அந்தக் கேள்வியை நான் யாரிடம் கற்றேன், அதற்கு ஒருவர் என்ன பதில் சொன்னார் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது நாடு இன்னும் வெள்ளைக்காரர் கையில் இருந்தது. ஜப்பான்காரன் காலத்தில் நின்றுபோன படிப்பை எப்படியோ முடித்துவிட்டு, தோட்டத்தில் கணக்கெழுதுகிற கிராணி வேலை கிடைக்காமல் மலாக்கா லேபர் ஆபீசுக்கு வந்தேன். பயிற்சி என்று தனியாக எதுவும் இல்லை. மூத்த மொழிபெயர்ப்பாளர் ஒருவருக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து சில மாதங்கள் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் பென்ஷனில் போனதும் முன் நாற்காலிக்கு நகர்ந்தேன். குடியிருந்தது காஜா பேராங்கில், செட்டிக் கம்பத்துக்குப் பக்கத்தில், ஒரு பலகை வீட்டில். கல்யாணம் ஆகவில்லை. சைக்கிளில் ஆபீசுக்குப் போய் வருவேன்.

விசாரணை நடத்துகிற அதிகாரி துவான் கார்ட்டர், வெள்ளைக்காரர். துவான் என்றால் மலாயில் ஐயா. உயரமான ஆள், குரல் எழும்பாது. பேசுகிறவரின் முகத்தைத்தான் பார்ப்பார், மொழிபெயர்க்கிற என்னைப் பார்க்கவே மாட்டார். விசாரணை தொடங்குமுன் தொழிலாளியின் நாற்காலியைத் தானே எழுந்து மின்விசிறிக்குக் கீழே இழுத்துப் போடுவார். "அவர் சொல்கிறார்" என்று நான் ஆரம்பிக்கக் கூடாது. தொழிலாளி "நான் விழுந்தேன்" என்றால் நானும் ஆங்கிலத்தில் "நான் விழுந்தேன்" என்றே சொல்ல வேண்டும். முதல் வாரம் பழக்கதோஷத்தில் "அவர்" என்று தொடங்கினேன். துவான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, நான் திருத்திச் சொல்லும்வரை காத்திருந்தார். திட்டவில்லை. அறையில் எல்லாரும் காத்திருந்தார்கள். அதற்குப் பிறகு அந்தத் தவறு வரவே இல்லை.

எங்களிடம் வந்த வழக்குகளில் பெரும்பாலானவை சீக்கிரம் முடிந்துவிடும். ரப்பர் பால் ஷீட்டை அழுத்துகிற உருளையில் ஒருவருக்கு விரல்கள் போய்விட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த விரல் போனால் எவ்வளவு ஊனம் என்று சட்டத்தின் பின்னிணைப்பிலேயே இருக்கும். அவர் கையைத் தூக்கிக் காட்டுவார், துவான் பார்ப்பார், டாக்டர் சான்று கொடுப்பார். யாரும் வாதாட வேண்டியதில்லை. இல்லாத விரலை இருக்கிறது என்று எந்த வக்கீலும் சொல்ல முடியாது.

முத்தையா வந்தபோது அவருக்கு எல்லா விரலும் இருந்தன.

செமாபோக்கில் குடியிருந்தார். ஊருக்கு வெளியே ஒரு கல்லுமலையில், கல் அரைக்கும் இயந்திரத்தின் வாயில் கல்லைத் தள்ளிவிடுகிற வேலை. வருஷக்கணக்காக அந்த இடத்திலேயே நின்றவர். முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொள்வாராம், பாதுகாப்பு அவ்வளவுதான். இருமல் வந்தது. பிறகு மூச்சு குறைந்தது. வேலையை விட்டு நிறுத்தினார்கள். கம்பெனியின் டாக்டர் அதைக் காசநோய் என்று சொல்லிவிட்டார். காசநோய் ஊரில் யாருக்கும் வரும், அதற்கும் கல்லுக்கும் சம்பந்தம் இல்லை என்பது கம்பெனி சொன்ன நியாயம்.

விசாரணை அன்று மனைவி அஞ்சலை அவர் கையைப் பிடித்து அழைத்து வந்தார். முத்தையா பெரிய எலும்புக்காரர். சட்டைப் பொத்தானையெல்லாம் கழுத்துவரை போட்டிருந்தார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டார். அப்படி ஊன்றினால்தான் மூச்சு இழுக்க முடியும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பார்க்கிறவர்களுக்கு மரியாதைக்காக நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் தோன்றும்.

கம்பெனியின் வக்கீல் எழுந்து ஒரே கேள்வி கேட்டார். ஆங்கிலத்தில் சட்டம் பயன்படுத்துகிற அதே சொல்லைப் போட்டுக் கேட்டார். நான் தமிழில் சொன்னேன்:

"நீங்கள் ஊனமுற்றவரா?"

முத்தையாவின் முகம் சிவந்தது. "யாரு ஊனம்? எனக்குக் கை இல்லையா, காலு இல்லையா? நான் ஊனம் இல்லீங்க."

"நான் ஊனமுற்றவன் இல்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். வேறு எப்படிச் சொல்ல முடியும்? வக்கீல் புன்னகையோடு உட்கார்ந்துவிட்டார். வழக்கு அந்த ஒரு வரியிலேயே முடிந்துவிடும் போலிருந்தது.

மொழிபெயர்ப்பாளர் தன் சொந்த வாயால் பேச வேண்டுமானால் எழுந்து நின்று அனுமதி கேட்க வேண்டும். அதுவரை நான் கேட்டதே இல்லை. அன்று எழுந்தேன்.

"துவான், நான் சொன்ன தமிழ்ச் சொல் கை கால் இழந்தவரைத்தான் குறிக்கும். சட்டம் சொல்கிற அர்த்தத்துக்கு எங்கள் பேச்சில் ஒரு சொல் இல்லை. இவர் பதில் சொன்னது அந்தத் தமிழ்ச் சொல்லுக்கு."

"மொழிபெயர்ப்பாளர் சாட்சி சொல்கிறார்" என்று வக்கீல் ஆட்சேபித்தார்.

துவான் கார்ட்டர் இரண்டையும் எழுதிக்கொண்டார். பிறகு, "அந்தச் சொல்லை நானும் பயன்படுத்தப் போவதில்லை" என்றார். ஒரே விஷயத்தை மூன்று விதமாகக் கேட்பது அவர் வழக்கம். நல்ல தேகத்தோடு இருந்தபோது மலையில் என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டார். முத்தையா பெருமையாகச் சொன்னார். இப்போது வீட்டில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். "எல்லாம் செய்வேன்" என்றார். மூன்றாவதாகக் கேட்டார்:

"நேற்றுக் காலையில் எழுந்ததிலிருந்து என்ன செய்தீர்கள்?"

"நேத்தா? எந்திரிச்சு உக்காந்திருந்தேன். எந்திரிக்கறதுன்னா, படுக்கறதே இல்லீங்க. படுத்தா அடைக்குது. செவுத்துல சாஞ்சுக்கிட்டுத்தான் தூங்குறது. பெறகு குளிச்சேன்."

"எப்படிக் குளித்தீர்கள்?"

முத்தையா மனைவியைப் பார்த்தார். அஞ்சலை தலையைக் குனிந்துகொண்டார்.

"நானா குளிக்கலீங்க. வாளியத் தூக்குனா மூச்சு நின்னுடுது. இதுதான் தண்ணி ஊத்தி விடும். தொடச்சும் விடும். வேட்டியும் இதுதான் கட்டி விடும்."

அதை நான் ஆங்கிலத்தில் "நான்" என்றே சொன்னேன். என் மனைவிதான் என்னைக் குளிப்பாட்டுகிறாள், அவள்தான் எனக்கு உடுத்திவிடுகிறாள் என்று. வக்கீல் காகிதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். முத்தையா என் வாயையே பார்த்தார். ஆங்கிலம் தெரியாவிட்டாலும், தன் மானம் அந்த மேசைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

துவான் கார்ட்டர் அவரை அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே டாக்டர் லிம் எக்ஸ்ரே எடுத்தார், சளியைப் பரிசோதித்தார். அடுத்த விசாரணையில் டாக்டர் வந்து படத்தைக் காட்டினார். இரண்டு நுரையீரலிலும் மாவு தூவினாற்போல் வெள்ளைப் புள்ளிகள். சளியில் காசநோய்க் கிருமி இல்லை. ஆனால் கிருமி கிடைக்கவில்லை என்பதாலேயே நோய் இல்லை என்று ஆகிவிடாது என்று வக்கீல் பிடித்துக்கொண்டார். டாக்டர் லிம் நேர்மையானவர்.

"இது கல் தூசியால் வந்தது என்று நம்புகிறேன். ஆனால் படத்தை மட்டும் வைத்துச் சத்தியம் செய்ய மாட்டேன். உறுதியாகச் சொல்ல வேண்டுமானால் நுரையீரலையே பார்க்க வேண்டும்."

அறையில் பேசுகிற எதுவும் தொழிலாளிக்குத் தெரியாமல் போகக் கூடாது என்பது துவானின் கண்டிப்பு. நான் தமிழில் சொன்னேன். முத்தையா டாக்டர் பக்கம் திரும்பினார்.

"அப்ப நான் செத்தாத்தான் தெரியுமா?"

"அப்படியானால் நான் செத்தால்தான் தெரியுமா?" என்று அதையும் ஆங்கிலத்தில் கேட்டேன். பேசுகிறவரின் முகத்திலிருந்து துவான் கார்ட்டர் கண்ணை எடுத்ததை அன்றுதான் பார்த்தேன். விசாரணையைத் தள்ளிவைத்தார்.

தள்ளிவைத்த அந்த நாள் வருமுன்பே முத்தையா ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். உட்கார்ந்தபடியே போய்விட்டார் என்று மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடுகிற நர்ஸ் ஒருத்தி சொன்னாள். டாக்டர் லிம் ஆபீசுக்கு டெலிபோன் செய்தார். விதவையிடம் கேட்க ஒரு விஷயம் இருக்கிறது, தமிழ் பேச ஆள் வேண்டும் என்றார். துவான் என்னைக் கூப்பிட்டு, "டாக்டர் கேட்பதை மட்டும் சொல். நீயாக எதற்கும் தூண்டாதே, எதையும் தடுக்காதே" என்று சொல்லி அனுப்பினார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அஞ்சலை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் முத்தையாவின் தம்பி நின்றார். உடலை அறுத்து நுரையீரலைப் பார்க்கச் சம்மதமா என்று டாக்டர் கேட்டதை நான் சொன்னேன். என் வாயிலிருந்து அந்தக் கேள்வி வந்ததால், அதை நானே கேட்டதுபோல் தம்பி என் மீது பாய்ந்தார்.

"உயிரோட இருக்கறப்ப நம்பாதவங்களுக்கு எதுக்கு அறுத்துக் காட்டணும்? அண்ணன முழுசா அனுப்பணும் அண்ணி. சொல்லிட்டேன்."

அஞ்சலை அவரைப் பார்க்காமல் என்னிடம் கேட்டார். "அறுத்தா தெரிஞ்சிடுமா தம்பி?"

"தெரியும்னு டாக்டர் சொல்றாருக்கா."

"கேஸு ஜெயிச்சிடுமா?"

"அத நான் சொல்ல முடியாதுக்கா."

"குளிக்கற விசயத்த அங்க சொல்லிட்டு வந்த அன்னிக்குப் பூரா என்னோட பேசல அவரு. நாலு பேரு முன்னால கேட்டுட்டாங்களேன்னு." பிறகு கொழுந்தனைப் பார்த்தார். "முழுசா அனுப்பணுங்கறீங்க. இத்தன வருசமா முழுசாவா இருந்தாரு? கொஞ்சம் கொஞ்சமாத்தான் போனாரு. அறுக்கட்டும். பொய் சொல்லலன்னாவது தெரியட்டும்."

தம்பி கோபித்துக்கொண்டு வெளியே போனார். பின்னால் கொள்ளிவைக்கும்போது வந்து நின்றார் என்று கேள்விப்பட்டேன். காரியம் முடிந்து சாம்பலைக் கடலில் கரைத்தார்கள்.

மறு விசாரணையில் டாக்டர் லிம் சாட்சி சொன்னார். நுரையீரல் கறுத்து இறுகிப்போயிருந்தது, காசநோயின் அடையாளம் எதுவும் இல்லை. அறுக்கும்போது என்ன கண்டீர்கள் என்று துவான் கேட்டதற்கு, "கத்தி இறங்கும்போது மணலில் உரசுகிற சத்தம் வந்தது" என்றார்.

அஞ்சலை என்னைப் பார்த்தார். நான் சொல்லித்தான் ஆக வேண்டும். கொஞ்சம் மென்மையாகச் சொல்ல ஏதாவது சொல் இருக்கிறதா என்று தேடினேன். டாக்டர் சொன்னதைக் குறைக்கவோ கூட்டவோ எனக்கு அதிகாரம் இல்லை. "கத்தி எறங்கறப்ப மணல்ல ஒரசுன மாதிரி சத்தம் கேட்டுச்சாம்க்கா" என்றேன். அவர் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். பிறகு, மேலே சொல்லுங்கள் என்பதுபோல் தலையசைத்தார்.

துவான் கார்ட்டரின் தீர்ப்பு அஞ்சலை பக்கம் வந்தது. முத்தையாவின் நோய் அவருடைய வேலையால் வந்தது, வேலையை விட்டு நிறுத்திய நாளிலேயே அவர் உழைக்கும் சக்தியை முழுவதும் இழந்திருந்தார் என்று எழுதினார். கம்பெனி மேல்முறையீடு செய்யவில்லை. வெளியே போகும்போது வக்கீல் பகையில்லாமல் என்னிடம் சொன்னார்: "இது செத்தவருக்குக் கிடைத்த தீர்ப்பு. உயிரோடு இருக்கிறவன் எதைக் காட்டுவான்?"

சுதந்திரம் வந்தது. ஊரெல்லாம் கொடி. துவான் கார்ட்டர் சாமான்களைப் பெட்டியில் கட்டிக்கொண்டு கப்பலேறினார். எனக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார், அதிகம் பேசவில்லை. அவர் இடத்துக்குத் துவான் இட்ரிஸ் வந்தார். என்னைவிட வயதில் சிறியவர். கோப்பி குடித்துக்கொண்டே விசாரிப்பார், பொறுமை குறைவு. ஆனால் எதையும் போய்ப் பார்க்காமல் விடமாட்டார். கல்லுமலையிலிருந்து இன்னொரு மனு வந்ததும், சொல்லாமல் கொள்ளாமல் அங்கே போய் அந்த இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு, புருவமெல்லாம் வெள்ளையாக ஆபீசுக்குத் திரும்பினார்.

மனுப் போட்டவர் அர்ஜுனன். அந்த இயந்திரத்தை ஓட்டியவர். செட்டிக் கம்பத்துக்காரர், என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருந்தார். பெயர் நம் பெயர், சாமி நம் சாமி, பேச்சு மட்டும் மலாய். பல தலைமுறைக்கு முன்பே வந்து குடியேறிய செட்டிக் குடும்பங்கள், பரம்பரையாக அப்படித்தான். அவர் தமிழில் சொல்லி நான் கேட்டதெல்லாம் கோயிலில் சொல்கிற சில வார்த்தைகள்தான். அவரும் முழங்காலில் கையை ஊன்றி உட்காரத் தொடங்கியிருந்தார்.

விசாரணையில் எனக்கு வேலை இல்லை. துவான் இட்ரிஸ் மலாயில் கேட்டார், அர்ஜுனன் மலாயில் பதில் சொன்னார்.

"சாயா புக்கான் தா மாவு கெர்ஜா, துவான். நாஃபாஸ் தா அடா." வேலை செய்ய மனமில்லாமல் இல்லை, மூச்சு இல்லை என்றார்.

அதே வக்கீல் முத்தையாவின் தீர்ப்பு வந்த அன்று என்னிடம் சொன்னதையே அங்கே வாதமாக வைத்தார். முத்தையா விஷயத்தில் உடலைத் திறந்து பார்த்தார்கள். இவர் உயிரோடு இருக்கிறார். இவருடைய நுரையீரலில் இருப்பது கல்தான் என்று யாரும் கண்ணால் பார்க்கவில்லை. ஊகத்தை வைத்து ஒருவரை ஊனமுற்றவர் என்று சட்டம் சொல்ல முடியாது.

டாக்டர் லிம் ஜன்னலண்டை போய் இரண்டு எக்ஸ்ரே படங்களைக் கண்ணாடியில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தார். ஒன்று முத்தையாவுடையது, மற்றது அர்ஜுனனுடையது. இரண்டிலும் அதே வெள்ளைப் புள்ளிகள், அதே இடங்களில். பிறகு பையிலிருந்து ஒரு கண்ணாடிப் புட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். மருந்துத் தண்ணீரில் கறுப்பாக ஒரு துண்டு இருந்தது. "முத்தையாவின் படத்தில் தெரிகிற புள்ளி இதுதான், அறுத்தபோது எடுத்து வைத்தது. இது என்ன என்று நமக்குத் தெரியும். ஆகவே அர்ஜுனனின் படத்தில் இருப்பதும் என்ன என்று தெரியும்" என்றார்.

அப்போது பின்னால் ஒரு நாற்காலி நகர்ந்தது. இரண்டு பேரும் ஒரே இயந்திரத்தில் வேலை செய்தவர்கள் என்று சாட்சி சொல்ல அஞ்சலையை வரச் சொல்லியிருந்தார்கள். அவர் எழுந்து நின்றார். கண் புட்டிமேல் இருந்தது.

"துவான், ஒரு வார்த்த சொல்லலாங்களா?"

துவான் இட்ரிஸ் என்னைப் பார்த்தார். அன்று முதன்முறையாக எனக்கு வேலை வந்தது. அஞ்சலை சொல்லச் சொல்ல மலாயில் சொன்னேன்.

"என் வீட்டுக்காரர அறுத்துப் பாத்தாச்சு. அவரோட நின்னவருதான் இவரு. ரெண்டு பேரும் ஒரே தூசியத்தான் தின்னாங்க. இவரையும் அறுத்தாத்தான் நம்புவீங்கன்னா, இவரு சம்சாரம் அந்தா உக்காந்திருக்கு, இப்பவே கேட்டுக்குங்க. என்னைய ஆஸ்பத்திரியில வச்சுக் கேட்டாங்க. அப்படி யாரையும் கேக்கக் கூடாதுங்க."

வக்கீல் எழப்போனார். துவான் இட்ரிஸ் கையைக் காட்டி உட்கார வைத்தார். அவரே ஜன்னலுக்குப் போய் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். மேசைமேல் கோப்பி ஆறிப்போனது.

தீர்ப்பு அர்ஜுனனுக்குச் சாதகமாக வந்தது. உயிரோடு இருக்கிற ஒருவரின் மூச்சுக் குறைவை, ஒரு விரல்கூடப் போகாத நிலையில், முழு ஊனம் என்று எங்கள் ஆபீசில் எழுதி நான் பார்த்தது அதுதான் முதல் முறை. அதற்குப் பிறகு அந்த இரண்டு படங்களையும் காட்டி வேறு சிலருக்கும் கிடைத்தது. கல்லுமலைக்காரர்கள் அந்த இயந்திரத்தை நிறுத்திவிட்டு வேறு இடத்தில் புதிது ஒன்று போட்டார்கள், புது ஆட்களை வைத்து. அங்கே தண்ணீர் தெளிக்கிறார்கள் என்று சொன்னார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை.

தீர்ப்புச் சொன்ன அன்று எல்லாரும் கலைந்த பிறகு அஞ்சலை என் மேசைக்கு வந்தார்.

"தம்பி, அந்த பாட்டில்ல இருந்தது அவருதானே?"

"ஆமாக்கா."

"அத இனிமே என்னா செய்வாங்க?"

டாக்டர் லிம்மைக் கேட்டேன். வழக்கு முடிந்ததும் ஆஸ்பத்திரியில் எரித்துவிடுவார்கள் என்றார்.

"வேணாம். எங்கிட்டக் குடுக்கச் சொல்லுங்க. மிச்சமெல்லாம் கடல்ல இருக்கு. இது மட்டும் ஏன் தனியாக் கெடக்கணும்?"

துவான் இட்ரிஸ் மறுக்கவில்லை. அஞ்சலை கைநாட்டு வைத்தார், டாக்டர் புட்டியை ஒரு துணியில் சுற்றிக் கொடுத்தார். அன்று மாலை பண்டார் ஹிலிர் கடற்கரைக்குப் போனோம். அர்ஜுனனும் வர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததால் டிரைஷா என்கிற சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டோம். அவரால் மண்ணில் நடக்க முடியவில்லை, வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். அதன் பிறகு அவர் அதிக காலம் இருக்கவில்லை.

கடல் வற்றியிருந்தது. அஞ்சலை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் வெகுதூரம் நடந்தார். முழங்கால் தண்ணீருக்குப் போய் மூடியைத் திறந்து புட்டியைக் கவிழ்த்தார். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். அழுதாரா என்று என்னால் பார்க்க முடியவில்லை, முதுகுதான் தெரிந்தது. பிறகு குனிந்து, புட்டியைக் கடல் தண்ணீரில் முக்கி முக்கி அலசினார்.

கரைக்கு வந்து முந்தானையால் அதைத் துடைத்து, மூடியைத் திருகி என்னிடம் நீட்டினார்.

"இது சர்க்காரு பாட்டிலு. ஆஸ்பத்திரியில குடுத்துடுங்க தம்பி."